வீடியோ காலில் கைது பண்ண முடியுமா? கழுகுமலைக்காரர்களும் தெரிஞ்சுக்க வேண்டிய போலீஸ் விதிகள்!

"உங்க ஆதார் நம்பர்ல ஒரு பார்சல் பிடிபட்டிருக்கு. உள்ளே போதைப்பொருள் இருக்கு. உங்க பேர்ல வாரன்ட் ரெடி. வீடியோ காலை கட் பண்ணாதீங்க. வீட்டுல யார்கிட்டயும் சொல்லாதீங்க!"

எதிர்முனையில் காக்கிச் சட்டை, தோளில் நட்சத்திரம், பின்னாடி போலீஸ் ஸ்டேஷன் மாதிரியே ஓர் அறை. 'டிஜிட்டல் கைது' மோசடி பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும். பணம் கைமாறும் வரை போனை வைக்க விடமாட்டார்கள்.

பிரதமர் மோடி 2024 அக்டோபர் 27 அன்று ஒலிபரப்பான 'மன் கி பாத்' நிகழ்ச்சியிலேயே இதைப் பற்றி எச்சரித்தார். 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கைக் கையில் எடுத்தது. டிசம்பரில் விசாரணையை சி.பி.ஐ-யிடம் ஒப்படைத்தது. அந்த அளவுக்கு நாடு முழுக்கப் பரவிவிட்ட மோசடி இது.

'இதெல்லாம் பெரிய ஊர்ல, பணக்காரங்களுக்கு நடக்குறது' என்று நினைக்க வேண்டாம். கோவில்பட்டி, கழுகுமலைப் பக்கம் பிள்ளைகள் சென்னை, திருப்பூர் என்று வேலைக்குப் போயிருக்க, வயதான அப்பா அம்மா ஸ்மார்ட்போனோடு தனியாக இருக்கும் வீடுகள் ஏராளம். தீப்பெட்டி ஆலைச் சம்பளம், மகளிர் குழுக் கடன், பயிர்க் காப்பீட்டுத் தொகை எல்லாம் இப்போது வங்கிக் கணக்குக்குத்தான் வருகின்றன. மோசடிக்காரனுக்கு வேண்டியதும் அந்தக் கணக்குதான்.

பயம்தான் அவர்களின் முதலீடு

படித்தவர்கள்கூட ஏன் ஏமாறுகிறார்கள்? காரணம், போலீஸ் என்றாலே நமக்குள் இருக்கும் பயம். ஸ்டேஷன் வாசலை மிதிக்காமலேயே வாழ்ந்துவிட வேண்டும் என்று நினைக்கும் குடும்பங்கள்தான் இங்கே அதிகம். போலீஸ் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நமக்குத் தெரியாததால், காக்கி உடுத்திய யார் மிரட்டினாலும் நம்பிவிடுகிறோம்.

இந்த வட்டாரத்தில் அந்தப் பயத்துக்கு ஒரு நிஜமான காரணமும் உண்டு. 2020 ஜூன் 19 அன்று, இதே தூத்துக்குடி மாவட்டத்தின் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தில் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி ஜெயராஜைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள்; அவர் மகன் பென்னிக்ஸும் அங்கே பிடித்துவைக்கப்பட்டார். பிறகு கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். ஜூன் 22 இரவு மகனும், மறுநாள் அதிகாலை அப்பாவும் கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் இறந்துபோனார்கள். சி.பி.ஐ 9 போலீஸார் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அன்று இரவு ஸ்டேஷனில் நடந்ததை மாஜிஸ்திரேட்டிடம் துணிந்து சொன்னவரும் ஒரு போலீஸ்தான். அவர் பெண் தலைமைக் காவலர் ரேவதி.

அதன் பிறகு விட்டுப்போன நம்பிக்கையை மீட்பது மாவட்டக் காவல்துறைக்குப் பெரிய வேலையானது. எல்.பாலாஜி சரவணன் எஸ்.பி-யாக இருந்த காலத்தில் 'மாற்றத்தைத் தேடி' என்ற விழிப்புணர்வு நிகழ்ச்சி தொடங்கப்பட்டது. போலீஸார் ஊர் ஊராகப் போய், சாதி மோதல், போதைப்பொருள், குழந்தைகளுக்கு எதிரான குற்றங்கள் பற்றிப் பொதுமக்களிடம் பேசினார்கள். போலீஸ் நம் தெருவுக்கு வந்து பேசினால், நாமும் தயங்காமல் ஸ்டேஷனுக்குப் போய்ப் பேசுவோம். அந்தப் பழக்கம் வந்துவிட்டால் மோசடிக்காரனின் மிரட்டல் எடுபடாது.

நிஜ போலீஸ் எப்படி நடக்கணும்?

காவலில் நடந்த மரணங்கள் தொடர்பான டி.கே.பாசு வழக்கில், 1996-ல் உச்ச நீதிமன்றம் கைதுக்கான விதிகளை வகுத்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா சட்டத்திலும் அவை இருக்கின்றன. முக்கியமானவை இதோ...

1. கைது செய்ய வரும் போலீஸ் நேரில்தான் வரவேண்டும். பெயர் தெளிவாகத் தெரியும்படி பேட்ஜ் அணிந்திருக்க வேண்டும். வீடியோ காலில் கைது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

2. கைது குறிப்பாணை எழுத வேண்டும். அதில் குடும்பத்தினரோ, ஊரில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சியாகக் கையெழுத்துப் போட வேண்டும்.

3. கைதானவரின் உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்ல வேண்டும். 'யார்கிட்டயும் சொல்லாதே' என்று ஒருவன் சொன்னால், அங்கேயே அவன் மாட்டிக்கொண்டான்!

4. மிக அவசியமான சூழல் தவிர, சூரியன் மறைந்த பிறகும் உதிக்கும் முன்பும் பெண்களைக் கைது செய்யக் கூடாது. அப்படிச் செய்யவேண்டி வந்தாலும் மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியும் பெண் அதிகாரியும் வேண்டும்.

5. சாட்சி விசாரணைக்குப் பெண்களையும், 60 வயதைத் தாண்டிய ஆண்களையும் ஸ்டேஷனுக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. அவர்கள் வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும்.

6. விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

7. கைதானவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் ஆஜர்படுத்த வேண்டும்.

கவனித்தீர்களா? போலிப் போலீஸை அடையாளம் காட்டும் அதே விதிகள்தான், நிஜ போலீஸ் வரம்பு மீறினாலும் நம்மைக் காப்பவை.

பணம் போயிடுச்சா? உடனே 1930

சந்தேகமான அழைப்பு வந்தால், "எந்த ஸ்டேஷன் சார்? நான் கழுகுமலை ஸ்டேஷனுக்கு நேர்ல போய் விசாரிச்சுக்கிறேன்" என்று சொல்லி போனை வையுங்கள். சொன்னபடியே போய் விசாரிக்கவும் செய்யலாம்.

ஒருவேளை பணம் போய்விட்டால், அழுதுகொண்டு உட்கார நேரமில்லை. 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்யுங்கள். நீங்கள் சொல்லும் விவரத்தைப் போலீஸார் கணினியில் பதிந்ததும், பணம் போன வங்கிக்குத் தகவல் போகும். அந்தக் கணக்கில் பணம் இருந்தால் வங்கி நிறுத்திவைக்கும். அதற்குள் வேறு வங்கிக்கு மாற்றியிருந்தால், தகவலும் அடுத்த வங்கிக்குத் துரத்திக்கொண்டு போகும். ஏ.டி.எம்-மில் ரொக்கமாக எடுத்துவிட்டால் மீட்பது கஷ்டம். அதனால்தான் முதல் ஒரு மணி நேரத்தைப் 'பொன்னான நேரம்' என்கிறார்கள். போனில் புகார் சொன்னதோடு விட்டுவிடாமல், தேசிய சைபர் குற்ற இணையதளத்திலும் விவரங்களைப் பதிவு செய்துவிடுங்கள்.

வங்கிக்கும் உடனே சொல்லுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கைப்படி, ஓ.டி.பி-யை நாமே கொடுத்து ஏமாந்திருந்தாலும், வங்கிக்குத் தகவல் சொன்ன பிறகு நம் அனுமதி இல்லாமல் பணம் போனால் அந்த இழப்பு வங்கியைச் சேரும்.

'எங்க எல்லையில் வராது' என்று எந்த ஸ்டேஷனும் திருப்பி அனுப்ப முடியாது. கைதுசெய்யத்தக்க குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம். எஃப்.ஐ.ஆர் நகலை இலவசமாகத் தர வேண்டியது சட்டம்.

ஏமாந்தவர்களில் பலர் வெளியே சொல்வதில்லை. 'மகன் திட்டுவான்', 'ஊர் சிரிக்கும்' என்ற கூச்சம்தான் காரணம். அந்தக் கூச்சத்தில் பொன்னான நேரம் போய்விடுகிறது. அதனால் வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை... இன்று இரவு ஊருக்குப் போன் செய்யும்போது, "அம்மா, என்ன நடந்தாலும் நான் திட்டமாட்டேன், முதல்ல என்கிட்ட சொல்லு" என்று சொல்லிவையுங்கள். அப்படியே 1930-ஐ அவர்கள் போனில் சேமிக்கவும் சொல்லுங்கள்.