துடுப்பு வள்ளக் கழகமும் ஊவாவின் நீர்நிலைகளும்

ஊவா மாகாணம் நீர்வளத்தில் குறைந்ததன்று. துன்ஹிந்த, தியலும, பம்பரகந்த என நாடறிந்த நீர்வீழ்ச்சிகள் பதுளை மாவட்டத்திலேயே உள்ளன. மகியங்கனையில் சொரபொர குளமும் மாப்பாகட குளமும், வெல்லவாயவுக்கு அண்மையில் ஹந்தபானாகல குளமும் இருக்கின்றன. 2024 ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்ட உமா ஓயாத் திட்டம் புஹுல்பொல, டயரபா என்னும் இரு நீர்த்தேக்கங்களை மலைப்பகுதியிலேயே உருவாக்கியுள்ளது.

ஆயினும் இந்நீருக்கும் தோட்டப்புற மக்களுக்கும் இடையிலான உறவு அச்சத்தின் அடிப்படையிலேயே அமைந்திருக்கின்றது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மழைநீரில் ஊறிய மண்மேடு சரிந்து லயங்களைப் புதைத்தது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலின்போதும் பதுளை மாவட்டம் பேரிழப்பைச் சந்தித்தது. இவை தவிர, விடுமுறை நாட்களில் ஆற்றிலும் அருவியிலும் குளிக்கச் செல்லும் இளைஞர்கள் மூழ்கி இறந்த செய்தியை நாம் அடிக்கடி வெளியிட வேண்டியுள்ளது. நீரின் அருகே பிறந்து வளர்ந்தும் நீந்தத் தெரியாத ஒரு தலைமுறையே இங்கு உருவாகியுள்ளது எனலாம்.

இந்நிலையில், நீரை அச்சமின்றியும் ஒழுங்குடனும் அணுகப் பழக்கும் துடுப்பு வள்ளக் கழகங்களைப் பற்றி எமது வாசகர்கள் அறிந்திருப்பது பயனுடையது.

ஒடுங்கிய வள்ளமொன்றின் பக்கவாட்டில், இரு வளைந்த மரங்களால் ஒரு மிதவைக் கட்டையை இணைத்து, அது கவிழாமல் காக்கும் தொழில்நுட்பம் எமக்குப் புதியதல்ல. நீர்கொழும்பிலும் தென்கரையிலும் மீனவர்கள் பயன்படுத்தும், சிங்களத்தில் 'ஒருவ' என வழங்கும் வள்ளம் இவ்வகையைச் சேர்ந்ததே. இலங்கையில் இது பெரும்பாலும் மீன்பிடித் தொழிலோடு நின்றுவிட்டது. பசுபிக் தீவுகளிலோ அது மக்கள் ஒன்றுகூடும் கழகங்களின் மையமாக வளர்ந்தது.

அவ்வளர்ச்சியின் தொடக்கத்தை மலையக வாசகர்கள் எளிதில் விளங்கிக்கொள்வர். ஹவாய் ஒரு காலத்தில் கரும்புத் தோட்டங்களின் நாடாக இருந்தது. சீனா, ஜப்பான், போர்த்துக்கல், பிலிப்பைன்ஸ் ஆகிய இடங்களிலிருந்து தொழிலாளர்கள் அங்கு கொண்டுவரப்பட்டனர். 1908இல் அலெக்சாண்டர் ஹியூம் ஃபோர்ட் என்னும் அமெரிக்க எழுத்தாளர் முன்னின்று ஹொனலூலுவின் வைக்கிக்கிக் கரையில் ஒரு வள்ளக் கழகத்தை அமைத்தார். அருகி வந்த வள்ளம் செலுத்தும் கலையையும் அலைச்சறுக்குக் கலையையும் காப்பதே அதன் நோக்கமாகக் கூறப்பட்டது. ஆனால் அக்கலைகளுக்கு உரியவர்களான சுதேச ஹவாய் மக்களன்றி, வெள்ளையரே அதில் பெரும்பான்மையினராக இருந்தனர். 1911இல் சுதேச இளைஞர்கள் தமக்கென 'ஹுய் நாலு' என்ற கழகத்தை முறைப்படி நிறுவினர். அதை நிறுவியவர்களுள் ஒருவரான டியூக் கஹானமொக்கு, அடுத்த ஆண்டே ஸ்டொக்ஹோம் ஒலிம்பிக்கில் 100 மீற்றர் நீச்சலில் தங்கம் வென்றார். பிற்காலத்தில் முதலாவது கழகமும் அவரை உறுப்பினராக ஏற்றுக்கொண்டது.

எமது மலைநாட்டிலும் துரைமாருக்கெனக் கழகங்கள் இருந்தன. அங்கே தொழிலாளியின் இடம் பணியாளரின் இடமாக மட்டுமே இருந்தது. 1864இல் தோன்றிய கொழும்பு படகோட்டக் கழகமும் 1867இல் தோன்றிய சென்னை படகோட்டக் கழகமும் அக்கால ஆங்கிலேயரின் பொழுதுபோக்கிற்காகவே எழுந்தவை. இன்று அவற்றின் கதவுகள் எம்மவர்க்குத் திறந்துள்ளன என்பது உண்மை. எனினும் தோட்டத்துப் பிள்ளைக்கு அக்கதவு இன்னும் தூரத்தில்தான் இருக்கின்றது.

மக்களே நடத்தும் கழகத்திற்குச் சிறந்த முன்மாதிரி அயலிலுள்ள கேரளத்தில் உண்டு. 1952இல் பிரதமர் நேரு ஆலப்புழைக்கு வந்தபோது நடந்த வள்ளப் போட்டியே இன்றைய நேரு கிண்ணப் போட்டியாக வளர்ந்தது. நூறு பேரளவில் ஏறும் அந்தச் சுண்டன் வள்ளங்களுக்குப் பக்க மிதவை கிடையாது. ஆனால் ஓர் ஊரே பங்கு போட்டு வள்ளம் வாங்குவதும், பயிற்சிக் காலத்தில் ஊரே உணவளிப்பதும், இந்து, கிறிஸ்தவ, முஸ்லிம் இளைஞர்கள் ஒரே வள்ளத்தில் அமர்வதும் எமது கவனத்திற்குரியவை.

பக்க மிதவை வள்ளத்தில் வழக்கமாக ஆறு பேர் அமர்வர். முன்னிருப்பவர் துடுப்பின் வேகத்தைத் தீர்மானிப்பார். இரண்டாமவர் மறுபக்கத்தில் அதே தாளத்தைப் பின்பற்றுவார். பின்னால் அமர்பவர் வள்ளத்தின் திசையைக் காப்பார். நடுவிலுள்ளோர் வலுவை அளிப்பர். குறித்த எண்ணிக்கையான வீச்சுகளுக்குப் பின்னர் ஒருவர் குரல் கொடுக்க, அனைவரும் ஒரே கணத்தில் துடுப்பைப் பக்கம் மாற்றுவர். பலசாலியான ஒருவர் தாளம் தவறித் துடுப்பிட்டால் வள்ளம் விரைவதில்லை, தடுமாறவே செய்யும். மிதவை நீரைவிட்டு மேலெழுந்தால் வள்ளம் கவிழும். ஆகவே கவிழ்ந்த வள்ளத்தை நிமிர்த்தி, நீரை இறைத்து, ஆட்களை எண்ணிச் சரிபார்த்து மீண்டும் ஏறுவதே முறையான கழகங்களில் புதியவர்க்கு அளிக்கப்படும் முக்கிய பயிற்சியாகும்.

இத்தகைய கழகங்களில் இரு வகையினர் சேர்வர். ஒரு சாரார் போட்டிக்காக வருவர். மற்றைய சாரார் உடல்நலத்திற்காகவும் நட்பிற்காகவும் வருவர். வெற்றியை மட்டும் நாடும் நிர்வாகம் இரண்டாம் சாராரை இழந்துவிடும். சந்தா செலுத்திக் கழகத்தைத் தாங்குவோர் பெரும்பாலும் அவர்களே. ஆதலின் சிறந்த கழகங்கள் போட்டிக் குழுவுக்கு வேறு நாளும் பொதுவான துடுப்பாட்டத்திற்கு வேறு நாளும் ஒதுக்குகின்றன. வள்ளத்தைக் கழுவுதல், கொட்டகையைப் பேணுதல், தேநீர் தயாரித்தல் ஆகியவை முறைவைத்துப் பகிரப்படுகின்றன.

இவ்விடயத்தில் எமது மக்களுக்கு அனுபவம் இல்லை என எவரும் கூற முடியாது. தோட்டங்களில் மரணாதார சங்கங்கள் சந்தா சேர்த்துத் துயர வேளையில் கைகொடுக்கின்றன. கோயில் திருவிழாக் குழுக்களும் பள்ளிவாசல் நிர்வாக சபைகளும் ஆண்டுதோறும் கணக்குக் காட்டுகின்றன. இதே ஒழுங்கை இளைஞர் கழகங்களுக்குக் கொண்டுவருவதே தேவை. தோட்டப்புறக் கழகங்கள் பல, ஓர் அரசியல் பிரமுகர் வழங்கிய சீருடையுடன் தொடங்கி, அடுத்த தேர்தலுடன் மறைந்துவிடுகின்றன. பணம் ஒருவர் கையிலும் திறப்பு மற்றொருவர் கையிலும் முடங்கும்போது கழகம் பெயர்ப்பலகையாகவே எஞ்சும். இரு கையொப்பமுள்ள வங்கிக் கணக்கு, ஆண்டுப் பொதுக்கூட்டம், பிரதேச செயலகத்தின் விளையாட்டு உத்தியோகத்தர் ஊடான பதிவு ஆகியவற்றுக்குப் பெருஞ்செலவு ஆவதில்லை.

பெண்களின் பங்கேற்பும் சிந்தனைக்குரியது. ஹவாயில் மொலக்காய்த் தீவிலிருந்து ஒவாகு வரையிலான கடல்வழிப் போட்டி 1952இல் ஆண்களுக்கெனத் தொடங்கியது. அதே கால்வாயைக் கடக்கும் பெண்களுக்கான போட்டி 1979இல்தான் ஆரம்பமாயிற்று. 27 ஆண்டுகள் காத்திருக்க வேண்டிய அவசியம் எமக்கில்லை. நாள் முழுதும் கொழுந்துக் கூடையைச் சுமக்கும் பெண்ணின் தோளுக்குத் துடுப்பு பாரமாகாது. பெண்களுக்கெனத் தனி நேரமும், பெண் பயிற்சியாளரும், அவரவர் விரும்பும் உடைக்கு இடமும் இருந்தால் முஸ்லிம் பெற்றோரும் தயங்கார். பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பிக்க வேண்டும் என்னும் அறிவுரை இஸ்லாமிய மரபில் நெடுங்காலமாகப் போற்றப்பட்டு வருவதொன்றே. வெள்ளிக்கிழமைத் தொழுகை, ரமழான் நோன்பு, தோட்டத்துத் திருவிழா, போயா தினம் ஆகிய அனைத்தையும் ஒரே நாட்காட்டியில் குறித்துப் பயிற்சியைத் திட்டமிடும் கழகமே குருத்தலாவை இளைஞரையும் பசறை இளைஞரையும் மகியங்கனை இளைஞரையும் ஒன்றாக அமரச் செய்யும்.

எனினும் ஆர்வம் அவசரமாக மாறலாகாது. மின் உற்பத்திக்கான நீர்த்தேக்கங்களில் நீர்மட்டம் திடீரென மாறும். தாழ்நிலக் குளங்கள் சிலவற்றில் முதலைகள் உண்டு. மகாவலி அதிகாரசபை, நீர்ப்பாசனத் திணைக்களம் போன்ற உரிய நிறுவனங்களின் அனுமதியின்றி எவரும் நீரில் இறங்குதல் கூடாது. உயிர்காப்பு அங்கி அணியாதவரை வள்ளத்தில் ஏற்றாத விதி, விதிவிலக்கின்றி நடைமுறைப்படுத்தப்பட வேண்டும். வள்ளம் வாங்குவதற்கு முன்னர் நீச்சல் கற்பிக்கப்பட வேண்டும். பதுளையிலோ பண்டாரவளையிலோ உள்ள நீச்சல் தடாகங்களில் வாரத்தில் ஒரு சில மணிநேரத்தைத் தோட்டப் பாடசாலை மாணவர்க்கு ஒதுக்க மாகாணக் கல்வி, விளையாட்டு அதிகாரிகள் முன்வந்தால் அதுவே தக்க தொடக்கமாக அமையும். பாடசாலையிலிருந்து தடாகம் வரையான பஸ் கட்டணத்திற்கும் வழி காணப்பட வேண்டும். இல்லையேல் அருகிலுள்ள நகரப் பிள்ளைகளே அதனாலும் பயனடைவர்.

உமா ஓயாச் சுரங்கப் பணிகளின்போது, 2014இன் இறுதி முதல், பண்டாரவளைப் பிரதேசத்தில் கிணறுகள் வற்றின. வீடுகளின் சுவர்கள் வெடித்தன. மலையின் நீர் மின்சாரமாகவும் பாசனமாகவும் நாட்டுக்குப் பயன்படுவதை எவரும் எதிர்க்கவில்லை. ஆனால் அதற்கான விலையைச் செலுத்திய மக்களின் பிள்ளைகள், அந்நீரைக் கரையில் நின்று பார்ப்பவர்களாக மட்டும் இருத்தல் நியாயமாகாது. நீந்தக் கற்பதும் துடுப்பெடுப்பதும் வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு எனத் தள்ளிவிடாது, அவற்றை உயிர்காக்கும் கல்வியாகக் கருதி உரியவர்கள் செயற்பட வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.