பழம் இருக்கு... பக்குவம் தெரிந்த ஆள் எங்கே?

'டிப்ளமா படிச்சு என்னத்தைக் கிழிக்கப் போறே?' என்று கேட்காத சொந்தக்காரர் நமக்கு உண்டா? அவர்களுக்குச் சொல்ல ஒரு ஜமைக்கா கதை இதோ.

ஜமைக்கா என்றால் நமக்கு கோர்ட்னி வால்ஷ்தான் ஞாபகம் வருவார். அந்தக் கரீபியன் தீவின் தேசியப் பழம் அக்கி. மஞ்சள் சதையை உப்பு மீனோடு வதக்கிச் சாப்பிடுவார்கள். ஆனால் இதில் ஒரு வில்லங்கம்! பழுக்காத அக்கியில் ஹைப்போகிளைசின் என்ற விஷம் உண்டு. ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கி ஆளையே கொன்றுவிடும். மரத்திலேயே தானாக வாய் பிளந்த பழத்தைத்தான் பறிக்க வேண்டும். விதையையும் சிவப்புச் சவ்வையும் நீக்க வேண்டும்.

1973-ல் டின் அக்கி இறக்குமதிக்கு அமெரிக்கா தடை போட்டது. கதவு திறந்தது 2000-ல். அதுவும் எல்லோருக்கும் இல்லை. ஒவ்வொரு கட்டத்தையும் சோதித்து, ரெக்கார்டு எழுதிக் காட்டிய தொழிற்சாலைகளுக்கு மட்டும். மரமும் அதேதான், பழமும் அதேதான். மாறியது வேலை செய்யும் முறை!

அதற்கு யார் வேண்டும்? வாய் பிளக்காத காயைக் கண்டு ஒதுக்கும் தொழிலாளி. ரிட்டார்ட்டில் வெப்பமும் நேரமும் பிசகாமல் பார்க்கும் ஆபரேட்டர். வேக்காடு குறைந்தால் டின்னுக்குள் பொட்டுலிசம் கிருமி விஷம் கக்கும். டபுள் சீம் எனும் மூடி மடிப்பை மைக்ரோமீட்டரில் அளக்க ஒருவர். ஆமாம், மெட்ராலஜி லேபில் நாம் அசட்டையாகப் பிடிக்கிறோமே, அதே மைக்ரோமீட்டர்தான்! இதையெல்லாம் மேற்பார்ப்பவர் பயிற்சி முடித்தவராக இருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி.

கரீபியனில் தட்டுப்பாடு இந்த நடுமட்டத்தில்தான். கரும்பு, வாழை என்று விளைந்ததைக் கப்பலேற்றியே பழகிய பூமி அது. தோட்ட வேலை என்றாலே அடிமைக் காலத்து நினைப்பு. இளைஞர்கள் ஓட்டல், சுற்றுலா என்று போகிறார்கள். டிரினிடாட்டின் கரோனி சர்க்கரைக் கம்பெனி 2003-ல் சுமார் 9,000 பேரை வீட்டுக்கு அனுப்பியது. கரும்பு வெட்டிய கை ரிட்டார்ட் ஓட்ட, யாராவது கற்றுத்தர வேண்டாமா? ஜமைக்காவில் 1982 முதல் ஹார்ட் அறக்கட்டளை தொழிற்பயிற்சி தருகிறது. ஆனாலும் உணவு இறக்குமதியை 2025-க்குள் 25 சதவீதம் குறைப்போம் என்ற கரீபியன் நாடுகள், கெடுவை 2030-க்குத் தள்ளிவிட்டன. ஆள் பற்றாக்குறை மட்டுமே காரணமில்லை, அதுவும் ஒன்று.

நிலமும் பழமும் மெஷினும் இருந்தும், அளக்கத் தெரிந்த கை இல்லையென்றால் சரக்கு துறைமுகம் தாண்டாது. அடுத்த தடவை அந்த மாமா கேட்டால் இதைச் சொல்லுங்கள். அதற்கு முன்னால், லேபில் ரீடிங்கைப் பார்த்துக் காப்பியடிப்பதை நிறுத்துவோமா?