கருவண்டு வண்டா, தேனீயா? தனித் தேனீக்களை அடையாளம் காண்பது எப்படி?

ஓட்டு வீட்டுச் சட்டத்தில் விரல் நுழையும் அளவுக்கு வட்டமாக ஒரு துளை. அதிலிருந்து ‘ர்ர்ர்’ என்று கிளம்பும் கறுப்புப் பூச்சியை நாம் கருவண்டு என்கிறோம். கொட்டிடுமோ என்று பயந்து துளையில் மண்ணெண்ணெய் ஊற்றுபவர்களும் உண்டு. ஆனால் அது வண்டே இல்லை, தேனீ. வண்டின் முன் இறக்கை ஓடு மாதிரி கெட்டியாக இருக்கும். இதற்கு நான்குமே மெல்லிய சவ்வு இறக்கைகள்.

உலகில் 20,000க்கும் அதிகமான தேனீ இனங்கள் பெயரிடப்பட்டுள்ளன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ராணியும் இல்லை, தேனடையும் இல்லை. பெண் தேனீ தனியாகவே கூடு அமைத்து, மகரந்த உருண்டை வைத்து, அதன்மேல் முட்டையிட்டு அறையை அடைத்துவிடும்.

எதைப் பார்க்க வேண்டும்?

நிறத்தை நம்பிவிடாதீர்கள். சில இனங்களில் பெண் கறுப்பாகவும் ஆண் மஞ்சளாகவும் இருக்கும். மகரந்தத்தை எங்கே சுமக்கிறது என்று பாருங்கள். வயிற்றின் அடியில் அப்பியிருந்தால் அது இலைவெட்டித் தேனீயின் குடும்பம். ரோஜா இலை ஓரத்தை வட்டமாகக் கத்தரிப்பது அந்தக் குடும்பத்து வேலைதான். அடுத்தது முன் இறக்கையின் நரம்புகள். அவற்றுக்கு இடையே, நுனிப் பக்கமாக வரிசையாக உள்ள சின்ன அறைகள் இலைவெட்டிக்கு இரண்டு, கருவண்டுக்கு மூன்று. இனம் வரை போக நுண்ணோக்கி வேண்டும், சில சமயம் டிஎன்ஏ சோதனையும். 1897இல் பிங்காம் எழுதிய பிரிட்டிஷ் இந்திய விலங்கின நூலை இன்றும் புரட்டுகிறார்கள்.

பெயர் எதற்கு?

திருவனந்தபுரம் அருகே வித்துராவில் உள்ள ஐசர் வளாகத்தில் தேனீக்களை ஆராய்பவர் ஹேமா சோமநாதன். மகாராஷ்டிரத்தின் பீமாசங்கர் காட்டில் அவரும் சக ஆய்வாளர்களும் கவனித்தவை மூன்று வகைக் கருவண்டுகள். இரண்டு பகலில் பறப்பவை. மூன்றாவது நிலவில்லாத இரவிலும் பறக்கிறது. கூட்டருகே வண்ண அடையாளங்களை வைத்துச் சோதித்ததில், நட்சத்திர வெளிச்சத்திலேயே அது நிறம் பிரித்தறிகிறது என்று 2008இல் தெரிவித்தார்கள். அந்த வெளிச்சத்தில் மனிதக் கண்ணுக்கு நிறமே தெரியாது. ‘எல்லாம் கருவண்டுதானே’ என்று விட்டிருந்தால் இது வெளியே வந்திருக்காது.

அந்த இரவுத் தேனீயின் அறிவியல் பெயர் சைலோகோபா டிராங்க்பாரிகா. 1804இல் டென்மார்க்கின் ஃபப்ரீசியஸ் வைத்தது, நம்ம தரங்கம்பாடியின் பெயரால்!

தோட்டத்திலும் இந்த வித்தியாசம் முக்கியம். கத்தரிப் பூவின் மகரந்தம் நுனியில் துளையுள்ள குழல்களுக்குள் இருக்கிறது. பூவைக் கவ்வி உடம்பை அதிரவைத்தால் நன்றாகக் கொட்டும். கருவண்டும் நீலப்பட்டைத் தேனீயும் அதைச் செய்கின்றன. பெட்டியில் வளர்க்கும் தேனீ செய்யாது. அதனால் கத்தரித் தோட்டத்துக்குப் பெட்டி வைத்தால் போதும் என்பது சரியான கணக்கு இல்லை.

கொட்டும் பயத்துக்கு வருவோம். ஆண் கருவண்டுக்குக் கொடுக்கே கிடையாது. பெண்ணும் கையில் பிடித்து நசுக்கினால்தான் கொட்டும். சட்டத்தில் துளை போடுவது தொந்தரவு என்றால் மரத்துக்குப் பெயின்ட் அடியுங்கள், தோட்டத்து மூலையில் காய்ந்த மூங்கிலோ பட்ட கிளையோ விட்டுவையுங்கள். படம் எடுத்து நிபுணரிடம் கேட்பதானால் முகம், பக்கவாட்டு, விரித்த இறக்கை மூன்றும் தெரிய எடுங்கள். முதுகு மட்டும் தெரியும் படத்தை வைத்து இனத்தைச் சொல்வது கஷ்டம்.