நங்கூரத்துக்கும் ஒரு மறைவு வேண்டும்

தாம்பரத்திலிருந்து கிழக்கே மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகக் கடலை நோக்கிப் போனால், நீலாங்கரை முதல் கோவளம் வரை கரை பெரிய வளைவு எதுவும் இல்லாமல் ஓடுவதைப் பார்க்கலாம். எதிரே தீவு கிடையாது. படகு ஒதுங்க ஆழமான விரிகுடாவும் கிடையாது. நீலாங்கரைக் குப்பத்திலும் கானத்தூர் ரெட்டிக்குப்பத்திலும் மீன்பிடித்துத் திரும்பும் ஃபைபர் படகுகளை மணலில் இழுத்து ஏற்றிவிடுகிறார்கள். கட்டுமரக் காலத்தில் மரங்களை அவிழ்த்துக் கரையிலேயே காயவைத்தார்கள். இவ்வளவு பாடுபடுவதற்குப் பதில் கனமான ஒரு நங்கூரத்தைக் கடலில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாமே என்று பார்ப்பவருக்குத் தோன்றும். நங்கூரம் தன் எடையால்தான் படகைப் பிடித்து வைக்கிறது என்ற எண்ணத்திலிருந்து வரும் கேள்வி இது. உண்மையில் ஒரு படகு இரவு முழுவதும் ஓரிடத்தில் நிற்பதற்கு நங்கூரத்தின் எடை கடைசிக் காரணம். இடமும் தரையும் சங்கிலியின் நீளமும் அதற்கு முன்னே வருகின்றன.

நங்கூரம் கலப்பையைப் போல வேலை செய்கிறது. படுக்கைவாட்டில் இழுத்தால் கொழு மண்ணுக்குள் இறங்கும். மேல்நோக்கி இழுத்தால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். பாய்மரப் படகோட்டுவதில் ஆர்வம் கொண்ட கேம்பிரிட்ஜ் இயற்பியலாளர் ஜி. ஐ. டெய்லர் 1933இல் இந்தத் தத்துவத்திலேயே கலப்பை நங்கூரத்தை வடிவமைத்தார். நல்ல மணலில் நன்றாகப் புதைந்த இத்தகைய நங்கூரம் தன் எடையைவிடப் பல மடங்கு இழுவையைத் தாங்கும். பாறையிலோ தளர்ந்த சேற்றிலோ அதே நங்கூரத்துக்குப் பிடிப்பு கிடைக்காது. இழுவை படுக்கைவாட்டில் இருக்க வேண்டுமானால் சங்கிலியைத் தாராளமாக விட வேண்டும். ஐந்து மீட்டர் ஆழம், அணியத்தின் (படகின் முன்முனையின்) உயரம் ஒரு மீட்டர், ஓதம் ஏறுவதற்கு ஒரு மீட்டர் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் ஏழு மீட்டர். அதன் ஐந்து மடங்கு, காற்று பலமாக இருந்தால் ஏழு மடங்கு என்பது மாலுமிகளின் கணக்கு. அதாவது 35 முதல் 49 மீட்டர் வரை. அவ்வளவு சங்கிலியில் நிற்கும் படகு காற்று மாறும்போதெல்லாம் அந்த ஆரத்தில் வட்டமடிக்கும். அந்த வட்டத்துக்குள் பாறையோ இன்னொரு படகோ இருக்கக் கூடாது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். காற்றின் வேகம் இரட்டித்தால் படகின் மீது அது செலுத்தும் விசை நான்கு மடங்காகிறது. நங்கூரத்தின் எடையை இரட்டித்து இதை ஈடுகட்ட முடியாது. காற்றும் அலையும் படகை எட்டாத இடத்தைத் தேடுவதுதான் வழி.

சென்னைத் துறைமுகம் கட்டப்படுவதற்கு முன்பு இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கப்பல்கள் மதராஸின் திறந்த கடலில்தானே நங்கூரமிட்டு நின்றன என்று யாரும் கேட்கலாம். நின்றன, ஆனால் பருவம் பார்த்து நின்றன. 1746இல் மதராஸ் கோட்டையைப் பிடித்த லா பூர்தொனேயின் பிரெஞ்சுக் கப்பற்படை அக்டோபரிலும் இங்கேயே இருந்தது. அந்த மாதம் வீசிய புயலில் சில கப்பல்கள் மூழ்கின, சில பாய்மரங்களை இழந்தன. வடகிழக்குப் பருவம் நெருங்கியதும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் சோழமண்டலக் கரையை விட்டு பம்பாய்க்குப் போவது வழக்கமாக இருந்ததற்குக் காரணம் இந்த ஆபத்துதான். திருகோணமலைக்காக நடந்த போட்டியையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1782 ஜனவரியில் பிரிட்டிஷார் அதைப் பிடித்தார்கள், ஆகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரென் பறித்துக்கொண்டார், 1795இல் அது மீண்டும் பிரிட்டிஷார் கைக்கு வந்தது. குன்றுகள் சூழ்ந்த, எந்தப் பருவத்திலும் கப்பல் ஒதுங்கக்கூடிய அந்த விரிகுடாவுக்கு ஈடான இடம் இந்தப் பக்கத்துக் கரையில் எங்கும் இல்லை. இரும்பும் எந்திரமும் வளர்ந்த பிறகும் கதை மாறவில்லை. 2012 அக்டோபர் 31 அன்று நீலம் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தபோது, சென்னைக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த பிரதிபா காவேரி என்ற எண்ணெய்க் கப்பல் நங்கூரத்தோடு இழுபட்டு பெசன்ட் நகர்ப் பக்கம் தரைதட்டியது. உயிர்காப்புப் படகில் இறங்கிய மாலுமிகளில் சிலர் அது கவிழ்ந்து இறந்துபோனார்கள்.

புயல் நாளை விட்டுவிட்டு அமைதியான ஓர் இரவை எடுத்துக்கொண்டாலும் இந்தக் கரை எளிதானதல்ல. வெயில் காலத்தில் தாம்பரத்துக்காரர்கள் பிற்பகலில் எதிர்பார்த்திருக்கும் கடல்காற்று இரவில் ஓய்ந்து, விடிவதற்குள் நிலத்திலிருந்து காற்று வீசத் தொடங்குகிறது. மாலையில் கரைக்குப் பின்புறம் காட்டி நின்ற படகு விடியலில் அரைவட்டம் திரும்பியிருக்கும். நங்கூரமும் எதிர்த்திசையில் இழுக்கப்பட்டு, புதைந்த இடத்திலிருந்து கிளம்பி மீண்டும் புதைய வேண்டியிருக்கும். காற்று திரும்பினாலும் வங்கக்கடலின் நீண்ட அலை திரும்புவதில்லை. காற்று ஒரு பக்கமும் அலை ஒரு பக்கமும் தள்ளும்போது, படகு அலைக்குப் பக்கவாட்டைக் கொடுத்து இரவெல்லாம் உருளும். ஒவ்வோர் உருளலும் சங்கிலியை வெடுக்கென்று இழுக்கும். தீவின் மறைவில் உள்ள விரிகுடாவில் இந்த அலை பெரும்பாலும் நுழைவதில்லை என்பதால், அங்கே காற்று திரும்புவதை மட்டும் கணக்கில் எடுத்தால் போதும். இப்போது ஜிபிஎஸ் கருவி இருக்கிறதே, படகு நகர்ந்தால் உடனே ஒலி எழுப்புமே என்பார்கள். நல்ல கருவிதான், வைத்திருக்கவும் வேண்டும். ஆனால் நங்கூரம் இழுபட்ட பிறகுதான் அது கூவும். கரையில் உடையும் அலை அருகிலேயே இருந்தால், விழித்து, எஞ்சினை இயக்கி, சங்கிலியைச் சுருட்ட நேரம் போதாது.

கோவளத்தில் கடலுக்குள் நீளும் சிறிய முனையைச் சிலர் சுட்டிக்காட்டக்கூடும். தெற்கிலிருந்து வரும் அலையை அது ஓரளவு தடுப்பது உண்மைதான். வாடைக்காற்று தொடங்கியதும் அந்த மறைவு பயனற்றுப் போகிறது. ஒரு முனை ஒரு திசைக்குத்தான் அரண். 1911இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் தன் பாய்மரப் படகுகளைத் துறைமுகச் சுவர்களுக்கு உள்ளே வைத்திருப்பதும் இதனால்தான். தமிழ்நாட்டில் தீவு மறைவு வேண்டுமென்றால் ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் மன்னார் வளைகுடாவிலுள்ள 21 தீவுகளைத்தான் நினைக்கத் தோன்றும். அங்கே தடையாக நிற்பது தரை. 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அந்தத் தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் இருக்கின்றன. காற்று மாறி வட்டமடிக்கும் படகின் சங்கிலி ஓர் இரவில் அறுத்துத் தள்ளும் பவளம் மீண்டும் வளரப் பல பத்தாண்டுகள் பிடிக்கும். பவளக் கடல்களில் பல நாடுகள் நிரந்தர மிதவைகளை அமைத்து, படகுகளை அவற்றில் கட்டச் சொல்கின்றன. நங்கூரமே போடாமல் இரவு தங்க உதவும் அந்த ஏற்பாட்டைத்தான், மன்னார் வளைகுடாவில் பாய்மரப் படகுகளைப் பற்றி யோசிப்பவர்கள் முதலில் கேட்டு வாங்க வேண்டும்.