நெருக்கடிக் காலமும் அபினிசார் அடிமைநிலைச் சிகிச்சையும்: பினாங்கு உணர்த்தும் பாடம்

முன்னுரை

பினாங்கு ஜார்ஜ் டவுனில் 'லிட்டில் இந்தியா' என வழங்கும் பகுதி தமிழர் வாணிகத்தின் பழம்பெரும் களமாகும். அதனை ஒட்டிய சூலியா தெருவின் பெயரே தமிழ் முஸ்லிம் வணிகரை நினைவூட்டும். அத்தெருவில்தான் வூ லியென் தே என்னும் மருத்துவர் 1904-ஆம் ஆண்டின் இறுதியில் மருத்துவத் தொழிலைத் தொடங்கினார். அபினியை எதிர்த்த அவரே பின்னாளில் கொள்ளைநோயையும் எதிர்கொண்டார். பொதுச் சுகாதார நெருக்கடி நேரும்போது அபினிசார் போதைப்பொருளுக்கு அடிமையானோரின் சிகிச்சை எந்நிலையடைகிறது என்பதை இக்கட்டுரையில் நாம் காண்போம்.

அபினியும் அரசும்

அக்காலத்தில் அபினி விற்பனை சட்டத்திற்கு உட்பட்டது. அரசுக்குப் பெரும் வருவாய் ஈட்டித் தந்தது. குத்தகைக்கு விடப்பட்டிருந்த அவ்வுரிமையை 1910-இல் நீரிணைக் குடியேற்ற அரசு தானே ஏற்றது. இதற்கு முன்பே அபினி எதிர்ப்பு இயக்கத்தை முன்னின்று நடத்திய வூ, தம் மருந்தகத்தில் சிறிதளவு அபினிக் கரைசல் வைத்திருந்ததற்காக 1907-இல் தண்டிக்கப்பட்டார். அடுத்த ஆண்டு சீனா சென்ற அவர், 1910-11-இல் மஞ்சூரியாவில் பரவிய நுரையீரல் கொள்ளைநோயைக் கட்டுப்படுத்தும் பணிக்குத் தலைமையேற்று, துணியாலும் பஞ்சாலுமான முகக்கவசத்தை வலியுறுத்தினார்.

முதல் நெருக்கடி

பிற்காலத்தில் அபினியின் இடத்தை ஹெராயின் பிடித்தது. மலேசியாவில் அடிமைநிலை நெடுங்காலம் குற்றமாகவே நோக்கப்பட்டது. 2002-இல் ஏறக்குறைய 7,000 பேருக்குப் புதிதாக எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டது; பெரும்பாலோர்க்கு ஊசியைப் பகிர்ந்ததால் தொற்று ஏற்பட்டிருந்தது. இந்நெருக்கடியே கொள்கையை மாற்றியது. 2005 அக்டோபரில் மெத்தடோன் சிகிச்சை தொடங்கப்பட்டது. மறு ஆண்டு தொடங்கிய ஊசி பரிமாற்றத் திட்டத்தின் முதற்களங்களுள் பினாங்கும் ஒன்று.

மெத்தடோன் வாய்வழி அருந்தும் மருந்து. அதன் ஆற்றல் உடலில் நெடுநேரம் நிலைப்பதால் நாளொன்றுக்கு ஒருவேளை போதும். அது விலகல் துன்பத்தையும் வேட்கையையும் தணிப்பதால் நோயாளர் வேலைக்கும் குடும்பத்திற்கும் திரும்ப இயலுகிறது. மருந்து தடைப்பட்டால் துன்பம் மீளும். உடலின் தாங்குதிறன் குறைந்துவிட்ட நிலையில் பழைய அளவில் ஹெராயினை எடுப்போர் மூச்சடங்கி இறக்கவும் நேரும். எனவே இச்சிகிச்சையில் தொடர்ச்சியே உயிர்நாடி.

இரண்டாம் நெருக்கடி

2020 மார்ச் 18-இல் கோவிட்-19 பரவலைத் தடுக்க மக்கள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. நாள்தோறும் மையத்திற்கு வந்து பணியாளர் முன்னிலையில் மருந்தருந்துவது இச்சிகிச்சையின் பொது விதி. வீட்டுக்கு எடுத்துச் செல்லும் உரிமை நிலைபெற்ற நோயாளர்க்கே உரியது. கூட்டம் சேரலாகாது என்னும் ஆணையும் நாள்தோறும் வரவேண்டும் என்னும் விதியும் மோதின. அந்நிலையில் பல நாள்களுக்குரிய மருந்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் முறை விரிவுபடுத்தப்பட்டது. மருந்து பிறர் கைக்குச் செல்லலாம், குழந்தைகள் தவறி அருந்தலாம் என்னும் அச்சங்கள் புறக்கணிக்கத் தக்கனவல்ல. ஆயினும் நோயாளரின் நிலையறிந்து, பூட்டிவைக்கும் முறையையும் கற்பித்து மருந்தளிப்பது, அவரைச் சிகிச்சையின்றிக் கைவிடுவதினும் மேலானதன்றோ?

முடிவுரை

முதல் நெருக்கடி சிகிச்சைக்கு வாயிலைத் திறந்தது. இரண்டாவது, அவ்வாயிலை அடைக்காமல் காப்பது எவ்வாறு என்பதைக் கற்பித்தது. நீரிழிவு நோயாளரின் இன்சுலினை எந்த நெருக்கடியிலும் நிறுத்த எவரும் எண்ணார். மெத்தடோனும் அவ்வாறே கருதத்தக்கது. உலகச் சுகாதார நிறுவனம் 2005-இலேயே அதனை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்துள்ளது.

தமிழாசிரியராகிய நமக்கும் இதில் ஒரு கடமை உண்டு. 'போதைப்பித்தர்' என நாம் இயல்பாக எழுதும் சொல், ஒருவரை அவர்தம் நோயாகவே சுருக்கிவிடுகிறது. அச்சொல்லுக்கு அஞ்சி மையத்திற்கு வரத் தயங்குவோருக்கு மருந்து அருகிலிருந்தும் பயனில்லை. 'சிகிச்சை பெறுவோர்' என வகுப்பறையில் சொல்லிப் பழகுவோமாயின், அடுத்த நெருக்கடி வருமுன் அவ்வாயில் இன்னும் சற்று அகலமாகும்.