நாயைத் தத்தெடுக்கும் முன் கேட்டு வாங்க வேண்டியவை

வண்டியில் அடிபட்ட நாய்களையும் தாயைப் பிரிந்த குட்டிகளையும் மீட்டு, தேற்றி, வீடு தேடித் தரும் தன்னார்வலர்கள் திருச்சியில் இருக்கிறார்கள். ஸ்ரீரங்கத்திலிருந்தோ தில்லைநகரிலிருந்தோ நீங்கள் ஒரு நாயைக் கேட்டால், அவர்கள் நிறையவே விசாரிப்பார்கள். வீடு சொந்தமா, வாடகையா? பகலில் யார் இருப்பார்கள்? ஊருக்குப் போனால் யார் சோறு வைப்பார்கள்? கோபப்படாதீர்கள். அதே அளவு விசாரிக்கும் உரிமை உங்களுக்கும் உண்டு.

கேட்க வேண்டியவை

தடுப்பூசி அட்டையைக் கேளுங்கள். குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் நோய்களுக்கான தடுப்பூசி தொடங்க வேண்டும். மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி. வளர்ந்த நாயென்றால் கருத்தடை ஆனதா, யாரையாவது கடித்ததுண்டா என்று கேளுங்கள். காதில் சிறு வெட்டு இருந்தால் கருத்தடை ஆனதற்கு அடையாளம். ஒத்துவராவிட்டால் நாயைத் தந்த தன்னார்வலர்களே திரும்ப ஏற்பார்கள் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். மருத்துவச் செலவுக்குப் பணம் கேட்டால் ரசீது கேளுங்கள்.

சட்டம் சொல்வது

டெல்லி தெருநாய் வழக்கில் 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம், விரும்புவோர் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பித்துத் தெருநாயைத் தத்தெடுக்கலாம் என்றது. அந்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்ப்பது தத்தெடுத்தவரின் பொறுப்பு என்றும் சொன்னது. வளர்ப்பு விலங்கைப் பசியிலும் தாகத்திலும் வாடும்படி கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கான அபராதம் இன்னும் 10 முதல் 50 ரூபாய்தான். தண்டனை சிறிது என்பதால் கொடுமை சிறிதாகிவிடாது. வீட்டுச் சோற்றுக்குப் பழகிய நாய் தெருவில் பிழைப்பது கடினம்.

சிக்கல் வந்தால்

புது இடத்தில் மிரளும் நாய் கடிக்கலாம். கடித்தால் காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சளோ சுண்ணாம்போ வைக்காதீர்கள். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே ரேபிஸ் தடுப்பூசி இலவசம். 0, 3, 7, 28-ஆம் நாட்களில் போடுவார்கள். ரத்தம் வந்த காயத்துக்கு இம்யூனோகுளோபுலினும் தேவை. அறிகுறி தெரிந்தபின் ரேபிஸிலிருந்து பிழைப்பது அரிதினும் அரிது.

'லாப்ரடார் குட்டி இலவசம், வண்டிச் செலவு மட்டும் அனுப்புங்கள்' என்று யாராவது கேட்டால், நாயை நேரில் பார்க்காமல் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். ஏமாந்துவிட்டால் உடனே இணையக் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்.

அடுக்குமாடிச் சங்கம் நாயே கூடாதென்றால், பெரும்பான்மை வாக்கெடுத்தும் அப்படித் தடை போட முடியாது என்ற இந்திய விலங்குகள் நல வாரியத்தின் 2015 சுற்றறிக்கையைக் காட்டுங்கள். அதே நேரம் நாயைக் கயிற்றில் பிடித்துப் போவதும் அதன் கழிவை அள்ளுவதும் உங்கள் கடமை. அக்கம்பக்கத்தாருக்கும் உரிமை உண்டு.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் இப்படிப் பார்த்துக்கொள்ள இப்போது முடியாதென்றால், தத்தெடுக்காமல் இருப்பதே நேர்மை. வீடு கிடைக்கும்வரை ஒரு குட்டியைத் தற்காலிகமாகப் பராமரிக்கலாம். உங்கள் தெரு நாய்க்குக் கருத்தடை செய்ய மாநகராட்சியிடம் சொல்லலாம். அவையும் நாய்க்குச் செய்யும் நன்மைதான்.