குதிரை விழுந்தால் வெடிக்கணும்!

ஆனி, ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழி பஸ் ஸ்டாப்பில் நின்று தீக்குச்சி கிழித்திருக்கிறீர்களா? கிழித்துப் பாருங்கள். பெட்டி காலியாகும்; சிகரெட் மட்டும் அப்படியே இருக்கும். உடம்புக்கு நல்லது!

போன ஆடியில் அங்கே நாகர்கோவில் பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். டீக்கடை அண்ணாச்சி சாமி படத்துக்குச் சூடம் காட்ட ஏழு குச்சிகளைப் பலி கொடுத்தார். எட்டாவதில்தான் சாமி மனமிரங்கினார்.

"பாத்துக்கிடுங்க தம்பி... கரண்டு அவனுக்கு, காத்து நமக்கு!" என்று தூரத்துக் காற்றாலைகளைக் காட்டி அலுத்துக்கொண்டார்.

எனக்கு வேறு ஞாபகம். படித்தது பி.காம். என்றாலும் பைத்தியம் பழைய துப்பாக்கி மேல். பொறி பற்றாமல் போனால் என்ன ஆகும் என்பது, ஒரு காலத்தில் இந்தக் கணவாயில் உயிர்ப் பிரச்னை.

1809-ல் வேலுத்தம்பி தளவாய் கும்பெனிக்கு எதிராகக் கிளம்பியபோது, திருவிதாங்கூரின் கிழக்கு வாசல் ஆரல்வாய்மொழிதான். மலைக்கு மலை கோட்டைச் சுவர், பீரங்கி வரிசை. நேராக வந்தால் பொசுங்க வேண்டியதுதான். கும்பெனியின் மேஜர் வெல்ஷ் நேராக வரவில்லை. இருட்டில் தெற்குப் பக்க மலையில் ஆட்களோடு ஏறி, பிப்ரவரி 10 விடியற்காலையில் மேலிருந்து பாய்ந்தார். வாசல் திறந்துவிட்டது.

அந்தக் கும்பெனிச் சிப்பாய்களின் ஆயுதம், சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கி. குழாயின் வாய் வழியாக மருந்தும் குண்டும் போட்டுக் கம்பியால் கெட்டிக்கணும். பக்கவாட்டில் மூடி போட்ட ஒரு சின்னக் கிண்ணம். அதில் ஒரு சிட்டிகை மருந்து. அதற்குப் பெயர் ரஞ்சகம். விசையை இழுத்தால், கல்லைக் கவ்விய 'குதிரை' இரும்பில் போய் மோதும். மூடி திறக்கும், பொறி ரஞ்சகத்தில் விழும், அந்தத் தீ ஒரு துளை வழியாக உள்ளே போகும். அப்புறம்தான் டமார்!

இந்த மொத்த ஏற்பாட்டுக்கும் பெயர் லாக். பூட்டு என்று மொழிபெயர்த்தால் திண்டுக்கல் ஞாபகம் வரும். லாக் என்றே வைத்துக்கொள்வோம்.

மூடி திறக்கிற அந்தக் கணத்தில் காற்றடித்தால் ரஞ்சகம் பறக்கும். மழை பெய்தால் நமுத்துப்போகும். சில சமயம் கிண்ணத்தில் மட்டும் பளிச்சென்று எரியும், குண்டு கிளம்பாது. உங்கள் மேனேஜர் வாயில் அடிக்கடி வரும் 'ஃப்ளாஷ் இன் தி பேன்' இதுதான். 'லாக், ஸ்டாக் அண்ட் பேரல்' என்பாரே, அதுவும் துப்பாக்கியின் மூன்று பாகங்கள்தான். முதலில் வருவது லாக். கவனியுங்கள்!

இதற்கு வழி கண்டுபிடித்தவர் ராணுவத் தளபதி இல்லை. ஸ்காட்லாந்தில் ஒரு பாதிரியார், பெயர் அலெக்சாண்டர் ஃபோர்சைத். பிரசங்கம் போக மிச்ச நேரத்தில் பறவை வேட்டை. கிண்ணத்தில் பளிச்சென்றதுமே பறவைகள் உஷாராகித் தப்பித்துவிடும். பாதிரியார் பொறுமை இழந்து, அடித்தாலே வெடிக்கிற மருந்தை வைத்து ஒரு லாக் செய்தார். 1807-ல் அதற்குப் பேடன்ட்டும் வாங்கினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் மருந்து அடைத்த குட்டிச் செம்புத் தொப்பி, அதாவது கேப்.

தீபாவளிக்குச் சுருள் கேப் போட்டுத் தெருவையே சுட்டோமே, அதே சூத்திரம். கல் வேண்டாம், கிண்ணம் வேண்டாம். குதிரை நேராகக் கேப்பின் தலையில் குட்டும். தீ உள்ளே போகும். காற்றுக்கு அங்கே வேலையே இல்லை.

எவ்வளவு வித்தியாசம்? 1834-ல் இங்கிலாந்தில் வுல்விச் என்ற இடத்தில் இரண்டு வகையிலும் 6,000 ரவுண்டு சுட்டுப் பார்த்தார்கள். கல் துப்பாக்கி ஏறக்குறைய ஆறரைக்கு ஒரு தடவை காலை வாரியது. கேப் துப்பாக்கி 166-க்கு ஒரு தடவை. கணக்கு அவ்வளவு சுத்தம். ஆனால் கணக்கு தெரிந்தால் போதுமா? யாருக்கு முதல் பட்டுவாடா என்பதுதானே கேள்வி!

1841 மே மாதம், சீனாவில் கேன்டன் நகரத்துக்குப் பக்கம். அபின் வியாபாரத்துக்காக வெள்ளைக்காரன் நடத்திய யுத்தம். மதராஸ் ராணுவத்தின் 37-வது காலாட்படையில் சுமார் 60 சிப்பாய்கள் கொட்டுகிற மழையில் வழி தவறி, வயல்காட்டில் மாட்டிக்கொண்டார்கள். சுற்றி ஆயிரக்கணக்கில் ஊர் ஜனங்கள், கையில் ஈட்டி. நம்ம ஆட்கள் கையில் நனைந்த கல் துப்பாக்கி. குதிரை விழுகிறது, வெடிக்கவில்லை. நாலு பக்கமும் முகம் காட்டி நின்று, துப்பாக்கிமுனைக் கத்தியாலேயே சமாளித்தார்கள். கடைசியில் தேடி வந்து மீட்டவர்கள் வெள்ளைக்கார மரீன்கள். அவர்கள் கையில் இருந்தது கேப் துப்பாக்கி. அதே மழைதான், ஆனால் வெடித்தது!

பாதிரியார் பேடன்ட் வாங்கி அப்போது 34 வருஷம் ஆகியிருந்தது. நல்ல லாக் உலகத்தில் இருந்தது; சிப்பாய் கைக்குத்தான் வந்து சேரவில்லை.

அமெரிக்காவில் இன்றைக்கும் பழைய பாணித் துப்பாக்கியை வீட்டிலேயே செய்கிற பொழுதுபோக்கு உண்டு. குழாயின் பளபளப்பிலும் கட்டையின் வேலைப்பாட்டிலும் மயங்குகிறவர் அங்கேயும் உண்டு. விஷயம் தெரிந்தவர் முதலில் லாக்கைத்தான் கையில் எடுப்பார். என்ன பார்ப்பார்?

குதிரை, கேப் உட்காரும் குமிழின் மேல் நேராக விழுகிறதா? சாய்ந்து விழுந்தால் கேப் சரியாக வெடிக்காது. குதிரையின் தலை கிண்ணம் மாதிரி குழிந்து கேப்பை மூடுகிறதா? இல்லையென்றால் செம்புச் சிதறல் கண்ணுக்கு வரும். பாதி இழுத்து நிறுத்தினால் நிற்கிறதா? அந்த நிலையில் விசையை அமுக்கினாலும் விழக்கூடாது. வில் எப்படி? தொய்வாக இருந்தால் கேப் வெடிக்காது. முரடாக இருந்தால் குமிழ் நசுங்கும்.

வில், குதிரைக்கு முன்னால் இருக்கிற லாக் உண்டு. பின்னால் இருக்கிறதும் உண்டு. பின்னால் என்றால், கை பிடிக்கிற இடத்திலேயே கட்டையைக் குடைய வேண்டும். அங்கேதான் கட்டை ஏற்கெனவே மெலிந்திருக்கும். ஆகவே லாக்கை முடிவு பண்ணாமல் கட்டையில் உளி வைப்பது, வீட்டைக் கட்டிவிட்டு நிலைக்கு இடம் தேடுகிற கதை.

படித்துவிட்டு யாரும் பட்டறைப் பக்கம் போய்விட வேண்டாம். 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாமல் செய்தாலும் வைத்திருந்தாலும் குற்றம். அப்புறம் வேறு வகை லாக்கப்தான் கிடைக்கும்!

பஸ் வரும்போல இருந்தது. அண்ணாச்சி டீ போட அடுப்புக்கு கேஸ் லைட்டரை எடுத்தார். டக்! ஒரே அடியில் பற்றியது. அந்த லைட்டருக்குள்ளும் ஒரு வில், ஒரு குட்டிச் சுத்தியல். பாதிரியாரின் தூரத்து உறவு!

"கையில இதை வெச்சுக்கிட்டு சாமிக்கு மட்டும் தீக்குச்சியா அண்ணாச்சி?"

"சாமி ஏழு குச்சி வரைக்கும் பொறுத்துக்கிடும் தம்பி. டீ லேட்டானா நீங்க பொறுப்பியளா?"

கேன்டன் வயல்காட்டில் நனைந்து நின்ற அந்த அறுபது பேர் ஞாபகம் வந்தது. பொறுத்துக்கொள்கிறவனுக்கு எப்போதும் கடைசியில்தான் வருகிறது, நல்ல லாக்.